திடீரென்று ஸ்லோ ஆன வீட்டுக் கணினி: காரணத்தைத் தேடிப் பிடிக்கும் முறை

கணினி ஸ்லோ ஆவதில் இரண்டு வகை உண்டு. வருடங்கள் போகப் போக மென்பொருள்கள் பெருத்து, பழைய கணினி அவற்றைச் சுமக்க முடியாமல் மெல்ல மெல்லத் திணறுவது ஒரு வகை. நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய கணினி, இன்று ஒரு ஃபோல்டரைத் திறக்கவே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெல்ல வந்த மந்தத்துக்குப் பின்னால் பல காரணங்கள் கலந்து கிடக்கும். திடீரென்று வந்ததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, இல்லையென்றால் ஏதோ ஒரு பாகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் மீதி வேலை சுலபம். அதைத் தேடாமல் கையில் கிடைத்த கிளீனர், பூஸ்டர் எல்லாவற்றையும் போட்டு ஓட்டினால், புதிதாக நாலு மாற்றங்கள் சேர்ந்து, உண்மையான காரணம் அவற்றுக்கு அடியில் போய்விடும். அதனால் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியும்வரை எதையும் நீக்காதீர்கள், எதையும் புதிதாகப் போடாதீர்கள், ஃபார்மேட் செய்யும் யோசனையைத் தள்ளி வையுங்கள். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். பார்ப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளப் போகிறீர்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சில வரிகள் பின்னால் வரும்.

ஷட் டவுன் போதாது, ரீஸ்டார்ட் கொடுங்கள்

"நான் தினமும் ஆஃப் பண்ணித்தான் ஆன் பண்றேன்" என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது போதாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது உங்கள் நிரல்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் (கருவிகளை இயக்கும் சிறு நிரல்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் பத்திரப்படுத்தப்படும். மறுநாள் ஆன் செய்யும்போது அதே நிலை அப்படியே திரும்ப வரும். வேகமாகத் திறப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஒரு டிரைவர் குழம்பிப் போயிருந்தால் அந்தக் குழப்பமும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

கணினி கடைசியாக எப்போது முழுதாகத் தொடங்கியது என்று பார்க்க வழி உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியுவை, அதாவது செயலியைக் கிளிக் செய்தால் கீழே 'அப் டைம்' என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் ஷட் டவுன் செய்யும் கணினியிலும் அது இருபது, முப்பது நாள் காட்டலாம். அப்படிக் காட்டினால் ரீஸ்டார்ட் கொடுத்து, உள்ளே நுழைந்த பிறகு ஐந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டுப் பாருங்கள். பலருடைய பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

மவுஸ் கூட நகரவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைக்கத்தான் வேண்டும். ஆனால் திரையில் அப்டேட் நடப்பதாக எழுதியிருந்தால் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் வைத்த பழைய கணினிகளில் ஒரு பெரிய அப்டேட் மணிக்கணக்கில் இழுப்பது சகஜம்.

கணினியா, இணையமா?

இதைச் சட்டென்று பார்த்துவிடலாம். வைஃபையை அணைத்துவிட்டு, கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு படத்தையோ நோட்பேடையோ திறந்து பாருங்கள். அது டக்கென்று திறந்தால் கணினி நன்றாகத்தான் இருக்கிறது. இணைய இணைப்பையும் ரூட்டரையும் பாருங்கள், அல்லது பிரவுசரைச் சந்தேகப்படுங்கள். நோட்பேடே தள்ளாடித் திறந்தால் தொடர்ந்து படியுங்கள்.

நாலு எண்கள்

மறுபடி டாஸ்க் மேனேஜர். விண்டோஸ் 10-இல் சின்னதாகத் திறந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். பிராசஸஸ் பகுதியில் சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று தலைப்புகளும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சதவீதமும் இருக்கும். திறந்தவுடன் தெரியும் எண்களை நம்ப வேண்டாம், டாஸ்க் மேனேஜரே திறக்கும்போது கொஞ்சம் வேலை வாங்கும். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் எந்த எண் உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்தத் தலைப்பின் மேல் ஒரு கிளிக் செய்தால், அதை அதிகம் விழுங்கும் நிரல் பட்டியலின் உச்சிக்கு வரும். பெயரையும் எண்ணையும் தாளில் எழுதுங்கள், அல்லது செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த எண் உச்சத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து வழி பிரிகிறது. நாலுமே குறைவாக இருந்து கணினி மட்டும் நகரவில்லை என்றாலும் அதுவும் ஒரு தடயம்தான். அதற்கும் தனியாக ஒரு பகுதி கீழே இருக்கிறது.

சிபியு உச்சத்தில் இருந்தால்

'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்ற பெயர் மேலே இருந்தால் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பு தேடுதல் வேலையில் இருக்கிறது. 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்றால் அப்டேட் வேலை. 'சர்ச் இண்டெக்சர்' என்றால், நீங்கள் சமீபத்தில் ஏராளமான கோப்புகளை உள்ளே போட்டிருக்கிறீர்கள், அவற்றைத் தேடுவதற்கு வசதியாக அது பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றையும் கொல்ல வேண்டாம். சார்ஜரைச் செருகி, ஸ்லீப் ஆகாமல் பார்த்துக்கொண்டு, ஓரிரு மணி நேரம் விடுங்கள். பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை ஆன் செய்யும்போது அதே வேலை மறுபடி தொடங்கும். ஒரு நாள் முழுக்க விட்டும் அடங்கவில்லை என்றால்தான் கோளாறு.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதோ ஒரு இலவச மென்பொருளோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இரண்டும் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதிக்கும்போது கணினி படுத்துவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

சதவீதத்தைப் படிப்பதில் புதியவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. சிபியு 100-ஐத் தொட்டால்தான் பிரச்சினை என்பதில்லை. எட்டு இழைகள் (ஒரே நேரத்தில் வேலை ஓடும் தடங்கள்) கொண்ட செயலியில், ஒரே இழையில் சிக்கிச் சுற்றும் நிரல் ஏறக்குறைய 12 சதவீதத்திலேயே நிற்கும், நாலு இழைகள் என்றால் 25. அந்த எண் அசையாமல் அங்கேயே நின்று, அந்த நிரலும் எதற்கும் பதில் சொல்லவில்லை என்றால், அது மாட்டிக்கொண்டுவிட்டது. ரைட் கிளிக் செய்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள்.

'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்ற வரி சில சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் மென்பொருளை விட்டுவிட்டு வன்பொருளைப் பாருங்கள். கருவிகள் ஓயாமல் செயலியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். யுஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் அந்த எண் இறங்குகிறதா என்று பாருங்கள். பழுதான ஒரு யுஎஸ்பி ஹப் முழுக் கணினியையும் முடக்கிவிடும்.

பெயர் தெரியாத நிரல் ஒன்று சிபியுவைத் தின்றால், அல்லது மின்விசிறி சத்தமாகச் சுற்றிக்கொண்டிருந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்த கணமே எல்லாம் அமைதியானால், மறைவாக கிரிப்டோ நாணயம் தோண்டும் தீநிரலைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு அதைக் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதனை நடக்கும், அதனால் தீநிரல் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதிலேயே தொடர்பவர்கள், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்களுக்குப் பதிவு செய்யவில்லை என்றால், இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

மெமரி நிரம்பியிருந்தால்

ரேம், அதாவது இங்கே மெமரி என்று காட்டப்படுவது, ஏறக்குறைய நிரம்பிவிட்டால், விண்டோஸ் அதில் இருக்கும் விஷயங்களை அதிகமாக டிஸ்க்குக்கு மாற்றும். தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். ரேமைவிட டிஸ்க் பல மடங்கு மெதுவானது என்பதால், மெமரி நிரம்பிய கணினியில் டிஸ்க் எண்ணும் கூடவே ஏறும். இரண்டும் சேர்ந்து உச்சத்தில் இருந்தால் முதலில் மெமரியைக் கவனியுங்கள், டிஸ்க் தானாக அடங்கலாம்.

குற்றவாளி பெரும்பாலும் பிரவுசர்தான். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரவுசருக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்த துணை நிரல்) எவ்வளவு ரேம் பிடித்திருக்கிறது என்று அதில் தெரியும். திடீர் மந்தம் என்றால் எக்ஸ்டென்ஷன்களைத்தான் முதலில் பார்ப்பேன். அவை தாமாகவே அப்டேட் ஆகும், நேற்று ஒழுங்காக இருந்த ஒன்று இன்று கெட்டுப்போயிருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டால் எது என்று பிடிபடும்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் பார்ப்பதே இல்லை. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைக் கிளிக் செய்து மேல் மூலையில் இருக்கும் மொத்த அளவைப் பாருங்கள். 8 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 4 ஜிபி என்று இருக்கிறதா? இரண்டு ரேம் துண்டுகளில் ஒன்று தளர்ந்துவிட்டது அல்லது செத்துவிட்டது. கணினியை இடம் மாற்றி வைத்த பிறகு இப்படி ஆவது உண்டு. அணைத்து, மின் இணைப்பைக் கழற்றி, ரேமை எடுத்து, திரும்ப இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்தினால் பல நேரம் சரியாகிவிடும். லேப்டாப்பைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விடலாம். 'எங்க கணினியில ரேம் பாதிதான் காட்டுது' என்று அவரிடம் சொன்னாலே போதும்.

டிஸ்க் 100 சதவீதம்: நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்

திடீர் மந்தத்தில் மிக அதிகமாகக் காணப்படுவதும், தவறாகக் கையாண்டால் இழப்பு அதிகமாவதும் இங்கேதான். மற்றவை எல்லாம் நேரத்தை வீணாக்கும். டிஸ்க் பழுது உங்கள் படங்களையும் கோப்புகளையும் கொண்டுபோய்விடும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை டிஸ்க் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைக் கிளிக் செய்தால் ஹெச்டிடியா எஸ்எஸ்டியா என்று அங்கேயே எழுதியிருக்கும். ஹெச்டிடி என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தேவையான இடத்துக்குப் படிப்பு ஊசி நகரவும் நேரம் வேண்டும். ஆக, சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரு விநாடிக்கு ஏறக்குறைய நூறு இடங்களிலிருந்துதான் அதனால் எடுக்க முடியும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, அது விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களிலிருந்து எடுக்கும். இன்றைய விண்டோஸ் எஸ்எஸ்டியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அதனால் ஹெச்டிடி வைத்த கணினி, ஆன் செய்தபின் பத்து நிமிடம் 100 சதவீதத்தில் நிற்பதை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவு கட்ட முடியாது.

முடிவு கட்ட உதவுவது அதே பக்கத்தில் இருக்கும் வேறு இரண்டு எண்கள். ஒன்று 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்', மற்றது படிக்கும், எழுதும் வேகம். நல்ல எஸ்எஸ்டி சாதாரண வேலையில் சில மில்லி விநாடிகளுக்குள் பதில் சொல்லும். நல்ல ஹெச்டிடி சில பத்து மில்லி விநாடிகளில் சொல்லும், சுமை கூடினால் நூறைத் தாண்டும். பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி விநாடிக்குப் போய், அதே நேரத்தில் வேகம் விநாடிக்குச் சில நூறு கேபி மட்டும் என்று காட்டினால் அது கெட்ட அறிகுறி. டிஸ்க் ஓயாமல் வேலை செய்கிறது, ஆனால் எதுவும் வெளியே வரவில்லை. பழுதான ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது. அந்த முயற்சி முடியும்வரை விண்டோஸும் காத்துக்கொண்டு நிற்கிறது. கூடவே 'டிக், டிக்' என்று சீரான சத்தமும் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

இந்த நிலையைப் பார்த்தால் காரணம் தேடுவதை அங்கேயே நிறுத்துங்கள். ஒரு வெளி டிஸ்க்கையோ பெரிய பென் டிரைவையோ செருகி, உங்களுக்கு ஈடு செய்ய முடியாதவற்றை முதலில் நகலெடுங்கள்: குடும்பப் படங்கள், சான்றிதழ்களின் ஸ்கேன், நீங்கள் எழுதியவை, கணக்கு வழக்குகள். முழு டிரைவையும் ஒரேயடியாக இழுத்துப் போட வேண்டாம். பழுதான இடத்தில் மாட்டி எல்லாமே நின்றுவிடும். சின்னச் சின்ன ஃபோல்டராக எடுங்கள். ஒரு கோப்பில் மாட்டினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். படங்களை எல்லாம் எடுத்த பிறகுதான் சினிமா, இன்ஸ்டாலர் போன்றவை, அவை திரும்பக் கிடைக்கும்.

டிஸ்க்கைச் சரிபார்க்கும் 'எரர் செக்கிங்' வசதியை இந்தக் கட்டத்தில் ஓட்டச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நகல் எடுப்பதற்கு முன் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது டிஸ்க்குக்குக் கூடுதல் வேலை வைக்கும். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்குக்கு அந்தச் சுமையே கடைசிச் சுமையாகிவிடலாம். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் வேலையும் அப்படியே.

நகல் எடுத்து முடித்தபின் உறுதி செய்துகொள்ளலாம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும், அந்தப் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். நீலத்தில் 'குட்', மஞ்சளில் 'காஷன்', சிவப்பில் 'பேட்' என்று மேலேயே தெரியும். ஹெச்டிடியில் 'ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டார்' என்ற வரிகளில் பூஜ்யம் அல்லாத எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். 'சிஆர்சி எரர்' என்ற வரி மட்டும் ஏறினால் கொஞ்சம் நிம்மதியடையலாம். டிஸ்க் பெரும்பாலும் நன்றாக இருக்கும், அதையும் மதர்போர்டையும் இணைக்கும் கேபிள்தான் கெட்டிருக்கும். அந்த எண் எப்போதும் இறங்காது. கேபிளை மாற்றிய பிறகு மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள்.

ஆனால் ஸ்மார்ட் 'குட்' என்று சொன்னாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். எந்த எச்சரிக்கையும் காட்டாமலேயே செத்துப்போகும் டிஸ்க்குகள் உண்டு. விண்டோஸ் தனக்கு நேர்ந்த கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153 என்ற எண்ணோடு எச்சரிக்கைகள் அடுக்கடுக்காக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 7 என்றால் படிக்க முடியாத இடம், 153 என்றால் ஒரு வேலையை மறுபடி முயல வேண்டி வந்தது. கணினி திணறிய நேரமும் அந்தப் பதிவின் நேரமும் ஒத்துப்போனால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பழுது எதுவும் இல்லாமல் டிஸ்க் நிரம்பியதாலும் மந்தம் வரும். சி டிரைவில் சில ஜிபிதான் மிச்சம் என்றால் விண்டோஸுக்கு மூச்சு விட இடமில்லை. அப்டேட்டும் இறங்காது, ரேமுக்குத் துணையாகும் கோப்பும் வளர முடியாது. நிரம்பி வழியும் எஸ்எஸ்டியில் எழுதும் வேகமும் நன்றாகக் குறையும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் போய் 'டெம்பரரி ஃபைல்ஸ்' நீக்குங்கள். அங்கே டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் பட்டியலில் இருக்கலாம், அதில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். 15, 20 சதவீதமாவது காலியாக வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து.

ஹெச்டிடியோடு ஓடும் கணினிக்குச் செய்யக்கூடிய உருப்படியான செலவு ஒன்றுதான்: அதை எஸ்எஸ்டியாக மாற்றுவது. பழுது இல்லாவிட்டாலும் சொல்கிறேன். செயலியை மாற்றினாலும் ரேமைக் கூட்டினாலும் கிடைக்காத வித்தியாசம் அதில் கிடைக்கும்.

எல்லா எண்ணும் குறைவு, ஆனாலும் நகரவில்லை

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு பக்கத்தில் 'ஸ்பீட்' என்று கிகாஹெர்ட்ஸில் ஒரு எண் இருக்கும், பக்கத்திலேயே 'பேஸ் ஸ்பீட்' என்று இன்னொன்று. கணினி சும்மா இருக்கும்போது ஸ்பீட் குறைவது இயல்பு. அதனால் ஒரு வீடியோவை ஓடவிட்டு, நாலைந்து நிரல்களைத் திறந்துகொண்டு பாருங்கள். வேலை இருக்கும்போதும் அந்த எண் 0.4 அல்லது 0.8 அருகிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், செயலியின் கழுத்தை ஏதோ பிடித்திருக்கிறது.

பிடிப்பது இரண்டில் ஒன்று. முதலாவது மின்சாரம். சார்ஜர் பழுதானாலோ, வேறு லேப்டாப்பின் சார்ஜரைப் போட்டாலோ, அதை அடையாளம் காண முடியாத மதர்போர்டு பாதுகாப்புக்காகச் செயலியை மிகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் வேகமாக ஓடினால் சார்ஜரையோ அதன் முனையையோ மாற்ற வேண்டும். இரண்டிலும் ஒரே மந்தம் என்றால், அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சிக்கிக்கொண்ட கட்டுப்பாடு சில நேரம் இதிலேயே விடுபடும். செட்டிங்ஸில் பவர் மோட், எனர்ஜி சேவர் இரண்டும் எப்படி இருக்கின்றன என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். யாரோ தெரியாமல் மாற்றியிருக்கக்கூடும்.

இரண்டாவது வெப்பம். செயலி தன் எல்லையைத் தொட்டதும், பெரும்பாலும் 90 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரையிலான ஏதோ ஒரு புள்ளியில், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். ஆன் செய்த பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறுவது இதன் அடையாளம். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் காற்று போகும் வழி அடைபடும். மின்விசிறி சுற்றவே இல்லையா, அல்லது இரைச்சலோடு சுற்றியும் வெளியே காற்று வரவில்லையா என்று கையை வைத்துப் பாருங்கள். சுற்றியும் காற்று இல்லை என்றால் உள்ளே தூசிப் படலம். அணைத்து, மின் இணைப்பைக் கழற்றி, ஊதுவதற்கு முன் மின்விசிறியின் இதழ் சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றால் விட்டு விட்டு ஊதுங்கள். பல வருடம் ஆன கணினியில் செயலிக்கும் அதன் மேலிருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் வெப்பப் பசை காய்ந்துபோயிருக்கும். அதைப் புதுப்பிக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

நேற்று என்ன மாறியது?

இதுவரை பார்த்ததில் எதுவும் பிடிபடவில்லை என்றால், இந்தக் கேள்வியை விண்டோஸிடமே கேட்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள் வாரியாக என்னென்ன அப்டேட் இறங்கியது, எந்த மென்பொருள் நுழைந்தது, எது நின்றுபோனது என்று வரிசையாகக் காட்டும். விண்டோஸில் இவ்வளவு பயனுள்ள, இவ்வளவு பேருக்குத் தெரியாத பக்கம் வேறு இல்லை என்பேன். மந்தம் தொடங்கிய நாளையும் அதற்கு முந்தைய நாளையும் கிளிக் செய்து பாருங்கள்.

புது மென்பொருள் என்றால் அதை நீக்குங்கள். டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். விண்டோஸ் அப்டேட் என்றால் அப்டேட் ஹிஸ்டரியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. சிஸ்டம் ரீஸ்டோர் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் முந்தைய தேதிக்குப் போகலாம், அது உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது. எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பிறகு ரீஸ்டார்ட், பிறகு பார்வை.

தேதியும் உதவவில்லையா? ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்பு எண் கேட்கலாம், அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் வேகமாக ஓடினால் காரணம் பெரும்பாலும் மென்பொருள் அல்லது டிரைவர். அங்கும் அதே மந்தம் என்றால் வன்பொருள் மேல் சந்தேகம் கூடுகிறது. மென்பொருள்தான் என்று தெரிந்தால், வழக்கமான நிலைக்குத் திரும்பி, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் பாதியை அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியானால் காரணம் அந்தப் பாதியில், ஆகாவிட்டால் மறு பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் பதினாறு நிரல்களில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க நாலு ரீஸ்டார்ட் போதும்.

மேக், லினக்ஸ்

மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர்தான் டாஸ்க் மேனேஜர். மெமரி பகுதியில் 'மெமரி பிரஷர்' வரைபடம் பச்சையாக இருந்தால் ரேம் பிரச்சினை இல்லை, சிவப்பானால் உண்டு. 'கெர்னல் டாஸ்க்' சிபியுவை அதிகம் எடுத்தால் அதை எதிரியாகப் பார்க்க வேண்டாம். வெப்பம் ஏறும்போது மற்ற நிரல்களுக்குச் செயலியைக் குறைவாகக் கொடுப்பதற்காக மேக் செய்யும் வேலை அது, வெப்பத்தைத்தான் கவனிக்க வேண்டும். லினக்ஸில் டெர்மினலில் 'டாப்' கட்டளையைத் தட்டி, மேல் வரிகளில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் டிஸ்க் பற்றி மேலே சொன்னது எல்லாம் பொருந்தும்.

கூப்பிடாமல் வரும் உதவி

கணினி திணறும் நேரத்தில் திரையில் ஒரு எச்சரிக்கை குதித்து, 'வைரஸ் தாக்கிவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று சொன்னால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அழைத்தால் உங்கள் கணினிக்குள் தூரத்திலிருந்து நுழைய அனுமதி கேட்பார்கள், அடுத்து வங்கிக் கணக்கு. பிரவுசரை டாஸ்க் மேனேஜர் வழியாக மூடினால் போதும். ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர் வகையறாக்களையும் இதே பட்டியலில்தான் வைப்பேன். அவற்றால் கிடைக்கும் வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, கெட்டுப்போவதைப் பார்க்க முடியும்.

பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்

எல்லாம் பார்த்தும் தீரவில்லை, டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது என்றால் செட்டிங்ஸில் ரெகவரி போய் 'ரீசெட் திஸ் பிசி' செய்யலாம். 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் உங்கள் கோப்புகள் இருக்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும். கோப்புகள் இருக்கும் என்று சொன்னாலும் நகல் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

தெரிந்தவரிடம் கொண்டுபோவதானால் நகல் எடுத்துவிட்டு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, அந்தத் தாளையும் கூடவே கொடுங்கள். என்றைக்கு ஆரம்பித்தது, எந்த எண் உச்சத்தில் நின்றது, டிஸ்க்கின் பதில் நேரம், சிபியுவின் வேகம், சேஃப் மோடில் எப்படி ஓடியது, இவ்வளவும் அதில் இருந்தால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். 'ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்' என்று பார்க்காமலேயே சொன்னால், டிஸ்க்கின் ஸ்மார்ட் நிலையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.